மறு: ‘பேண்ட்’ – பட்டையா, அலைவரிசையா?

அன்பின் குழுவினருக்கு, வணக்கம்.

வைஃபை ரவுட்டரில் வரும் ‘பேண்ட்’ (band) என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது ரேடியோ அலைகளில் ஒரு குறிப்பிட்ட துண்டை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை இதுவரை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். அலைவரிசை, அலைக்கற்றை, விரைபட்டை, பட்டை என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. ரவுட்டர் அமைப்புப் பக்கத்தின் தமிழ்க் கோப்பில் அந்தச் சொல் வரும் வரிகள் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

கீசருக்காக, ஃபோன் செயலியிலிருந்தே போட்டு அணைக்கும் ஒரு வைஃபை பிளக் வாங்கியிருந்தார்கள். ரவுட்டரும் புதுசு, இரண்டு கொம்புக்குப் பதில் நான்கு கொம்பு வைத்தது. பிளக்கின் விளக்கு நீலமாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, சேரவில்லை. சித்தி செயலியைத் தமிழில்தான் வைத்திருக்கிறார். திரையில் வந்த வாக்கியம் இது: “உங்கள் சாதனம் இந்த அலைவரிசையுடன் இணக்கமற்றது.” அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “எந்தச் சேனல் வரலைங்குது? நான் டிவி பக்கமே போகலையே?”

சித்தியின் மேல் தப்பே இல்லை. நாற்பது வருடமாக அவருக்கு அலைவரிசை என்றால் வானொலி, தொலைக்காட்சி. அந்தச் சொல்லை நாம்தான் அங்கே குடிவைத்தோம். அகன்ற அலைவரிசை என்று இணைய இணைப்புக்கும் அதையே சொல்கிறோம். இரண்டு பேர் மனசு ஒத்துப்போனால் ‘ஒரே அலைவரிசை’ என்கிறோம். இவ்வளவு வேலை பார்க்கும் சொல்லிடம் இன்னொரு வேலையைக் கொடுப்பது நியாயமில்லை.

நடந்தது என்னவென்றால், புது ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற பேண்ட் இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பியது. சித்தியின் ஃபோன் ஐந்தில் உட்கார்ந்திருந்தது. பிளக்குக்குள் இருக்கும் சில்லுக்கு 2.4 மட்டும்தான் காதில் விழும். ஃபோன் ஐந்தில் இருப்பதைப் பார்த்த செயலி, பிளக்கைச் சேர்க்கவே மறுத்துவிட்டது. சேர்ந்த பிறகு ஃபோன் ஐந்தில் இருந்தாலும் பிளக் 2.4இல் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, இரண்டும் ஒரே வீட்டு வலையில்தானே இருக்கின்றன. சேர்க்கும் அந்த இரண்டு நிமிடம்தான் சிக்கல். நான் ரவுட்டருக்குள் போய் ஐந்தைச் சற்று நேரம் அணைத்தேன், பிளக் சேர்ந்தது, மறுபடி போட்டேன். அதைச் செய்யத் தெரியாதவர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை நடந்தாலும் போதும். இரண்டு சுவர் தாண்டினால் ஐந்து தளர்ந்து, ஃபோன் பெரும்பாலும் தானாக 2.4க்கு இறங்கிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> வெறுமனே ‘பேண்ட்’ என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், வேறு விதமாக. தமிழ் எழுத்தில் ‘டூயல் பேண்ட்’ என்று போட்டால் முதலில் நினைவுக்கு வருவது தையற்கடை, அதற்கடுத்து கல்யாண ஊர்வலம். அந்த ஒலிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் வினையெச்சமும் குடியிருக்கிறது. அதை மடலில் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

> அலைக்கற்றை எல்லோருக்கும் அறிமுகமான சொல். 2ஜி வழக்குக் காலத்தில் டீக்கடை வரை போய்விட்டது.

உண்மை. அதனால்தான் அதை அங்கேயே விட வேண்டும். அன்றைக்கு அரசு ஏலம் விடுவதா வேண்டாமா என்று பேசப்பட்ட மொத்தச் சொத்து அலைக்கற்றை. நாம் சொல்ல வருவது அதிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. இந்தியாவில் 2.4இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது வெறும் 83.5. ஐந்தில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கைக்குப் பிறகு 605 மெகாஹெர்ட்ஸ். முழுசுக்கும் துண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்தக் கணக்கையே தமிழில் சொல்ல முடியாது.

ஐந்துக்கு ‘விரைபட்டை’ சொன்ன தம்பியின் ஆர்வம் பிடித்திருக்கிறது, சொல் பிடிக்கவில்லை. ஐந்தின் அலை 2.4இன் அலையைவிட வேகமாக ஓடுவதில்லை, இரண்டும் ஒளியின் வேகம்தான். அங்கே இடம் அதிகம், நெரிசல் குறைவு, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தடம் (பட்டைக்குள் பிரித்த சேனல்) போட முடிகிறது. அதனால்தான் தரவு வேகமாகப் போவதாக நமக்குத் தெரிகிறது. 2.4இல் 13 தடம் என்று சொல்லிக்கொண்டாலும் அவற்றின் நடுப்புள்ளிகள் ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அகலமோ இருபது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்ககத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அப்புறம் இன்னொன்று: 6 கிகாஹெர்ட்ஸும் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2020இல் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது, அதிவிரைபட்டையா? ரயிலுக்குப் பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும்.

என் வாக்கு பட்டைக்குத்தான். சமையலறைப் பட்டை, கிராம்பு நினைவு வருகிறதே என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். வரட்டுமே. மரப்பட்டை, திருநீற்றுப் பட்டை, சேலையில் ஓடும் பட்டை எல்லாமே ஒரு அகலமும் இரண்டு ஓரமும் உள்ள துண்டுதான். நம் பொருளும் அதுவே. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த பிள்ளைக்கு இணைதிறன் பட்டை, கடத்து பட்டை, பட்டை அகலம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். இன்னொரு வசதி, இலங்கை நண்பர்களுக்காக. நாம் அதிர்வெண் என்பதை அங்கே மீடிறன் என்று படிக்கிறார்கள். ‘அதிர்வெண் பட்டை’ என்று நீட்டினால் பாதிப் பேருக்கு முதல் பாதி அந்நியம். ‘2.4 பட்டை’, ‘5 பட்டை’ என்று எண்ணை முன்னால் வைத்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

ஆனால் ஒன்றில் கவனம் தேவை. முதல் வரைவில் நானே ‘ஒற்றைப்பட்டை’, ‘இரட்டைப்பட்டை’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த நண்பர் இரண்டையும் ‘ஒற்றைப்படை’, ‘இரட்டைப்படை’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்! எண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மட்டுமல்ல, யார் கண்ணும் அங்கே வழுக்கும். ஆகவே ஒருபட்டை, இருபட்டை. மூன்றும் உள்ளதற்கு முப்பட்டை. பள்ளி ஆய்வகத்து முப்பட்டகம் சற்று எட்டிப்பார்க்கும், பரவாயில்லை.

எண்ணைப் பற்றிச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘5’ இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஒன்று. கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் 5ஜி ஒன்று. அதற்கும் வீட்டு ரவுட்டருக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ரவுட்டர் பெயரின் வாலில் ‘5ஜி’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு “என் ஃபோன் 4ஜிதானே, எப்படிச் சேரும்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, 2018 முதல் தலைமுறைக்கு எண் கொடுக்கும் வழக்கத்தில் வந்த வைஃபை 5. போதாக்குறைக்கு வைஃபை 6 என்பதற்கும் 6 கிகாஹெர்ட்ஸுக்கும் கட்டாய உறவு கிடையாது. இஎஸ்பி32-சி6 என்ற சில்லு வைஃபை 6தான், ஆனால் 2.4 பட்டையில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே நம் கோப்பில் எண் தனியாக நிற்கவே கூடாது, ‘பட்டை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். ‘5ஜி’ என்பது எந்த வரியிலும் வேண்டாம்.

அடுத்தது, சித்தியின் திரையில் ‘இணக்கமற்றது’ என்று வந்ததே, அந்த இணக்கம். இதில்தான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். இணக்கம் என்றால் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போவது. இங்கே அப்படி இல்லை. இருபட்டை ரவுட்டர் ஒருபட்டைப் பிளக்கை ஏற்றுக்கொள்ளும். ஒருபட்டைப் பிளக் 5 பட்டைக்கு வரவே வராது, என்ன மென்பொருளை ஏற்றினாலும் வராது, வன்பொருளிலேயே இல்லை. பாதை ஒருபக்கம்தான். ‘ஒத்திசைவு’ இதைவிட மோசம், கச்சேரிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

நான் முன்வைப்பது பொருத்தம். சிரிக்காதீர்கள். ஜாதகத்தில் தினப் பொருத்தம் பார்க்கும்போது பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனின் நட்சத்திரம் வரை எண்ணுவார்கள். திருப்பி எண்ணினால் கணக்கு வேறு. திசை உள்ள பொருத்தம் நமக்குப் புதுசில்லை. பொருத்தம் ஒன்றல்ல, பல என்பதும் நமக்குத் தெரியும். பட்டை பொருந்தி, பூட்டு பொருந்தாமல் போகலாம்: ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் வைத்திருந்தால் டபிள்யூபிஏ2 மட்டுமே தெரிந்த பழைய கேமரா வாசலிலேயே நிற்கும். பட்டையும் பூட்டும் பொருந்தி, தடம் பொருந்தாமல் போகலாம்: அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த பல கருவிகள் 12, 13ஆம் தடங்களைக் கண்டுகொள்ளாது, இங்கே ரவுட்டர் 13இல் நின்றால் வலையின் பெயரே பட்டியலில் தெரியாது. ஆக, பட்டைப் பொருத்தம், பூட்டுப் பொருத்தம், தடப் பொருத்தம். இதில் பட்டைப் பொருத்தம் ரஜ்ஜு மாதிரி, அது இல்லையென்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்று சோசியர் எழுந்துவிடுவார்.

சித்தியின் திரையில் வந்திருக்க வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்: “இந்தப் பிளக் 2.4 பட்டையில் மட்டும் வேலை செய்யும். உங்கள் ஃபோன் இப்போது 5 பட்டையில் இருக்கிறது. 2.4 பட்டைக்கு மாற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.” நேற்று ஃபோனில் அவருக்கே படித்துக் காட்டினேன். “பட்டைன்னா?” என்றார். ரோட்டில் பஸ்ஸுக்குத் தனி வரிசை மாதிரி என்றேன். “அப்ப பிளக்கு பஸ் ரோட்டுல மட்டும்தான் போகுமா, சரி” என்றார். பொருத்தம் என்ற சொல்லை அந்த வாக்கியத்தில் பயன்படுத்தவே தேவைப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிழைச் செய்திக்கு வினை போதும், பெட்டியின் மேல் அச்சிடவும் பட்டியல் தலைப்புக்கும்தான் பெயர்ச்சொல் வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. ரவுட்டரே பார்த்து ஒரு கருவியை 2.4இலிருந்து ஐந்துக்குத் தள்ளிவிடுகிறதே, ‘பேண்ட் ஸ்டீயரிங்’, அதற்கு என்ன சொல்வது? ‘பட்டை திருப்பல்’ என்றால் தோசை நினைவு வருகிறது. ‘பட்டை மாற்றிவிடல்’ நீளம். வெள்ளிக்கிழமை இரவு கோப்பை ஏற்றலாம் என்றிருக்கிறேன், அதற்குள் யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். தோன்றாவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் காலியாகவே விட்டு அனுப்புகிறேன்.