மறு: ப்ரிசிஷன் லாஸ்: ‘துல்லிய இழப்பு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கணினியில் ஓர் எண்ணைக் குறிப்பிட்ட பிட்டுகளுக்குள் அடக்கும்போது இலக்கங்கள் தொலைவதைத்தான் ப்ரிசிஷன் லாஸ் என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘துல்லிய இழப்பு’ என்றே இருக்கட்டுமே. எல்லோருக்கும் புரிகிறது, புதுச்சொல் எதற்கு?

புரிகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ‘துல்லியம்’ ஏற்கெனவே அக்யுரசிக்கும் (விடை உண்மைக்கு எவ்வளவு அருகில் என்பதற்கும்) சேர்த்து உழைக்கிறது. பையின் மதிப்பை 3.20000000 என்று எழுதினால் இலக்கத்துக்குப் பஞ்சமில்லை, விடைதான் தப்பு. நிரல்மொழிகளில் பின்ன எண்களை வைக்க ஃப்ளோட், டபுள் என்று இரண்டு வகை உண்டு. டபுளை ‘இரட்டைத் துல்லியம்’ என்றால் விடை இரண்டு மடங்கு சரியாக வரும் என்றுதான் மாணவர் நினைப்பார். அது சொல்வதோ இடத்தின் அளவை: ஃப்ளோட்டில் 24 பிட், டபுளில் 53 பிட். பதின்மத்தில் ஏறத்தாழ 7 இலக்கம், 15 இலக்கம்.

ஆகவே ப்ரிசிஷனுக்கு ‘நுண்மை’, ப்ரிசிஷன் லாஸுக்கு ‘இலக்க உதிர்வு’ என்று முன்மொழிகிறேன்.

முன்பு நான் பார்த்த ஒரு பில்லிங் நிரலில் தொகைக்கு ஃப்ளோட் வைத்திருந்தார்கள். சில்லறை விற்பனை வரை சிக்கல் இல்லை. மொத்தம் 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 1/64 ரூபாய் இடைவெளி, அதாவது ஒன்றரைப் பைசாவுக்கும் மேல். 1,50,000.01 என்று உள்ளே போனது 1,50,000.02 என்று அச்சாகும். கணக்குப்பிள்ளை இரவெல்லாம் தேடினார். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்ததும் தீர்ந்தது. பணத்துக்கு முழு எண், இல்லாவிட்டால் டெசிமல் (பதின்மத்திலேயே கணக்கிடும் எண் வகை). இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

> உதிர்வு என்றால் குறைவதுதானே? 0.1-ஐ டபுளில் வைத்தால் 0.1000000000000000055... என்று கூடுகிறதே!

நல்ல கேள்வி. 0, 1 மட்டுமே உள்ள இரண்டடிமானத்தில் பாருங்கள்: 0.1 அங்கே 0011, 0011 என்று முடிவில்லாமல் ஓடும். 53 பிட்டுக்குப் பிறகு உள்ளவை உதிர, கடைசி பிட் மட்டந்தட்டப்படுகிறது. கூடுவது அந்த மட்டந்தட்டலால். (ரவுண்டிங்குக்கு இலங்கைப் பாடநூல்களின் ‘மட்டந்தட்டல்’ எவ்வளவு அழகான சொல்! நாம் ‘முழுமையாக்கல்’ என்கிறோம்; முழுமை எங்கே வந்தது?)

நம் பழைய பின்னங்களே இதற்கு நல்ல பாடம். அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகிய நான்கும் இரண்டிரண்டாய்ப் பகுத்து வருவதால் கணினியில் அப்படியே அடங்கும். மா 1/20, காணி 1/80. இரண்டும் தனித்தனியே அடங்காது. ஆனால் கூட்டினால் மாகாணி, 1/16, சரியாக அடங்கும்! இருமாதான் நம்மைப் படுத்தும் 0.1.

‘நகர்புள்ளிப் பிழை’ என்று பெயர் வைக்கலாம் என்றொருவர் எழுதியிருந்தார். ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்கு (ஃப்ளோட், டபுள் போல, புள்ளி எண்ணுக்கேற்ப இடம் மாறும் முறைக்கு) ‘நகர்புள்ளி’ எனக்கும் பிடித்ததுதான். புள்ளி ஒரே இடத்தில் நிற்கும் ‘நிலைப்புள்ளி’க்கு இணையாக நிற்கிறது, ‘மிதவைப் புள்ளி’ போலத் தெப்பத்தை நினைவூட்டுவதில்லை. ஆனால் இந்தச் சிக்கல் நகர்புள்ளிக்கு மட்டும் உரியதல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்களே, அங்கே இருந்தது 24 பிட் நிலைப்புள்ளி. பத்தில் ஒரு நொடியை வெட்டி வைத்ததால், நூறு மணி நேர ஓட்டத்தில் கடிகாரம் சுமார் 0.34 நொடி விலகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டிலோ 9007199254740993 என்று எழுதினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். உள்ளே அது டபுள்தான் என்றாலும், எழுதிய எண்ணில் புள்ளியே இல்லை. ‘இலக்க உதிர்வு’ மூன்றுக்கும் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. ஏறக்குறையச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் அடிபட்டுப்போய், பின்னால் இருந்த பிழை மட்டும் மிஞ்சுமே, கேன்சலேஷன், அதையும் உதிர்வு என்றால் குழப்பம். ‘இலக்க அடிபாடு’ என்று எழுதிப் பார்த்தேன், விபத்துச் செய்தி போல இருக்கிறது. யாருக்காவது வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.