சின்னவளின் புதுப் பள்ளி

அக்கா: சின்னவளுக்குப் பொதுப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. திங்கள்கிழமை முதல் போகிறாள்.

பெரியப்பா: மகிழ்ச்சியம்மா. காதில்தான் கேட்க உதவும் கருவி இருக்கிறதே, முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டால் கவலை விட்டது.

அத்தை: அண்ணா, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் சொல்கிறேன், கவலை அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதுபோல, கருவி போட்டால் பேச்சு தெளிந்துவிடாது. ஆசிரியரின் குரலோடு பெஞ்சு இழுக்கிற சத்தமும் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். ஆசிரியர் ஓரிரு மீட்டர் தள்ளிப் போனாலே குரல் அதில் அமுங்கிவிடும்.

தம்பி: உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாளே அத்தை? வீட்டில் சிக்கலே இல்லையே.

அத்தை: வீட்டில் என்ன பேசுவோம் என்று அவளுக்கு முன்பே தெரியும், ஊகித்துவிடுகிறாள். வகுப்பில் எல்லாம் புதுச்சொல். கண்ணாடி முன் நின்று, குரல் வராமல் ‘பாலை’, ‘மாலை’ என்று சொல்லிப் பார்.

தம்பி: பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன!

அத்தை: ‘க’ உதட்டுக்கு வருவதே இல்லை. இதில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் இருப்பதும் போயிற்று. ஜன்னல் வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். முதல் வரிசையில் இன்னொரு சங்கடம்: பின்னால் ஒரு பிள்ளை பதில் சொன்னால், யார் என்று இவள் தேடுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். இரண்டாம் வரிசை ஓரம்தான் நல்லது. ஆசிரியரும் தெரிவார், வகுப்பும் தெரியும்.

அக்கா: பழைய பள்ளியில் ‘புரிந்ததா’ என்று கேட்டால் தலையாட்டிவிடுவாள் அத்தை. நோட்டைப் பிரித்தால் பக்கத்துப் பிள்ளையின் கணக்கு, அடித்தல் திருத்தல் உள்பட, அப்படியே இருக்கும்.

அத்தை: அந்தக் கேள்வியே வீண். ‘நான் என்ன சொன்னேன், நீ சொல்’ என்று கேட்கச் சொல்.

பெரியப்பா: சைகை மொழியும் பழக்கச் சொல்கிறார்கள். பழகினால் பேச்சு வராமல் போய்விடாதா?

நான்: அந்தப் பயம் பழையது பெரியப்பா. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சுவழிக் கல்வியே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள்! பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழிக்குக் கதவடைத்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டில்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

அத்தை: சைகை பேச்சைத் தடுக்காது அண்ணா. எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் சின்ன வயது கழிந்துவிட்டால்தான் ஆபத்து. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, சைகை மொழி கற்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. காகிதத்தில் இருக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்பில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்று பெயர் சூட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுத முடியாது. குறிப்புகளை எழுதித் தர வேண்டும்.

தம்பி: ஆசிரியர் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று உண்டாமே?

அத்தை: உண்டு. குரல் நேராகக் கருவிக்கே போய்விடும். வகுப்பு முடிந்ததும் அணைக்க மறந்தால் வராந்தாவில் பேசும் வம்பும் போகும்!

பெரியப்பா: அப்படியானால் பள்ளிச் செய்தியெல்லாம் நமக்கு உடனுக்குடன் வந்துவிடும் 😄

அக்கா: மாலையில் வந்ததுமே எரிந்து விழுகிறாளே, அதற்கு என்ன செய்வது?

அத்தை: நாள் முழுவதும் காதையும் கண்ணையும் தீட்டிவைத்திருந்த களைப்பு அது. வந்ததும் கொஞ்ச நேரம் கருவியைக் கழற்றிவைத்துக்கொள்ளட்டும். ‘இன்று என்ன படித்தாய்’ என்று யாரும் துளைக்காதீர்கள். அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான்.

பெரியப்பா: சரியம்மா, சரி.

அக்கா: இதையெல்லாம் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுக்கட்டுமா?

அத்தை: கொடு. ஆனால் நீட்டாதே, அவருக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் போடு. பையில் மாற்று பேட்டரி வை.

அக்கா: வைத்துவிட்டேன். இரவு எழுதி இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள் அத்தை.