எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல்: மருந்துக்கு இறங்கினால் ஆபத்தில்லையா?

கேள்வி:
என் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. எடை 8 கிலோ. மூன்று நாளாக 102 டிகிரி வரை காய்ச்சல் அடிக்கிறது. பாரசிட்டமால் கொடுத்தால் இறங்கி, ஐந்து மணி நேரத்தில் மீண்டும் ஏறுகிறது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. மருந்துக்கு இறங்கும் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார் என் மாமியார். அது சரியா? வீட்டில் மீதமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுக்கலாமா?

மறுமொழி 1 (குழந்தை நல மருத்துவர்):
பாரசிட்டமாலுக்குக் காய்ச்சல் இறங்குவதை வைத்து நோயின் கடுமையைக் கணிக்க முடியாது. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் அது சற்று நேரம் இறங்கும். காய்ச்சல் தணிந்திருக்கும்போது குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். அப்போதும் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கை கால்கள் சில்லிட்டுத் தோல் வெளிறினாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அழாமல் இருக்கும் நேரத்தில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் நிமோனியாவாக இருக்கலாம்.

சளியும் இருமலும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. காரணம் புலப்படாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளிடம், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம், சிறுநீர்த் தொற்றைத் தேடாமல் விடக் கூடாது. ஆகவே இன்றே மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். பழைய சிரப்பைக் கொடுத்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். தண்ணீர் கலந்த அந்த மருந்து நாள்பட்டால் வீரியமும் இழந்துவிடும்.

மறுமொழி 2 (செவிலியர்):
பாரசிட்டமால் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி.; 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5 மி.லி., 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்திலோ வெறும் 1.2 மி.லி. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்து, கல்லீரலுக்கு ஆபத்து வரும் அளவுக்கு மருந்து ஏறிவிடக்கூடும். நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மறுமொழி 3:
தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி நீடிக்கும் காய்ச்சலில் ஸ்க்ரப் டைபஸையும் (புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல்) நினைவில் வைக்க வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு உள்ளதா என்று ஆடையைக் களைந்து பாருங்கள். அமாக்சிசிலின் அதற்கு உதவாது.

கேள்வி கேட்டவர்:
சிறுநீர்த் தொற்று உறுதியானால் ஊசிதான் போட வேண்டுமா?

மறுமொழி 1:
பால் குடித்துத் தெளிவாக இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் வாய்வழி ஆண்டிபயாட்டிக்கே போதும். வாந்தியோ சோர்வோ இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பார்கள். இரத்தத்தில் தொற்று பரவி அதிர்ச்சி நிலைக்கு (உறுப்புகளுக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லாத ஆபத்தான நிலை) போன குழந்தைக்குச் சோதனை முடிவுகளுக்காகக் காத்திருப்பதில்லை. இயன்றால் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிடுவோம்.