தபால் ஆபீஸ் இருக்கும் இடத்தில் நான்கு டென்னிஸ் கோர்ட்டுகள்

ரிச்மண்டிலிருந்து:

அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பெயர் பல வருடமாகத் தெரியும். அவர் பிறந்த ஊரிலேயே குடியிருக்கிறோம் என்பது உறைத்தது, மகளை டென்னிஸ் பழக அழைத்துப்போன பிறகுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ரிச்மண்டில். சனிக்கிழமை காலையில் பைர்ட் பூங்காவின் பொது டென்னிஸ் கோர்ட்டுகளுக்குப் போவோம். காலியாக இருந்தால் இறங்கி ஆடலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒருநாள் பக்கத்து பெஞ்சில் எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவர் மகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டு வந்த பந்தை எடுத்துக் கொடுத்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"நான் பையனாக இருந்தபோது இந்த வேலிக்கு உள்ளே வர முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான்" என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம், "ஆர்தராலும் முடியவில்லை" என்றார்.

ஆஷ் பிறகு எங்கேதான் ஆடினார் என்று கேட்டேன். "புரூக் ரோட்டில் பெரிய தபால் ஆபீஸ் இருக்கிறதே, அங்கே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடா வருடம் தீபாவளிக்கு அம்மாவுக்கு நான் பார்சல் அனுப்புவது அந்தத் தபால் ஆபீஸிலிருந்துதான். அங்கே முன்பு புரூக் ஃபீல்டு என்று கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பூங்கா இருந்திருக்கிறது. நான்கு டென்னிஸ் கோர்ட்டுகள், ஒரு நீச்சல் குளம், பேஸ்பால் திடல்கள். ஆஷின் அப்பாதான் காவலாளி; பூங்காவுக்குள்ளேயே வீடு. அம்மா 1950இல் இறந்தபோது பையனுக்கு 6 வயது. வாசலில் இறங்கினால் டென்னிஸ் கோர்ட். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த அந்தப் பையன் மட்டையைத் தூக்கியது அங்கேதான்.

ரான் சாரிட்டி என்ற இளைஞர் அவனுக்கு அடிப்படை சொல்லிக்கொடுத்து, லிஞ்ச்பர்க் ஊரில் இருந்த டாக்டர் ராபர்ட் வால்ட்டர் ஜான்சனிடம் அனுப்பினார். 1957இல் விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்சனையும் வளர்த்துவிட்டவர் அந்த டாக்டர்தான். கோடை விடுமுறையில் கறுப்பினப் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். அவர் போட்ட விதிகளைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் வரை விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே நினைத்துத் திருப்பி அடி. நடுவரிடம் வாதாடாதே. மட்டையை வீசாதே. பக்கம் மாறும்போது பந்தைப் பொறுக்கி எதிராளி கையில் கொடு.

கேட்க நல்லொழுக்கம் மாதிரி இருக்கிறது. காரணம் அதுவல்ல. கறுப்பினப் பையன் ஒரே ஒரு பந்துக்குத் தகராறு செய்தாலும் போதும், அதையே சாக்காக வைத்து மொத்தப் பேரையும் போட்டியிலிருந்து விரட்டிவிடுவார்கள். ஆகவே தனக்குச் சேரவேண்டிய பாயிண்டைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் ஜெயிக்க வேண்டும். பத்து வயதில் பழக வேண்டிய பாடமா இது? பின்னாளில் பத்திரிகைகள் ஆஷின் நிதானத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்தன. அந்த நிதானம் எங்கே, எதற்காகக் கற்றது என்று தெரிந்த பிறகு அந்தப் புகழ்ச்சியை என்னால் முழு மனதோடு படிக்க முடியவில்லை.

என் மகள் கோட்டருகே விழும் ஒவ்வொரு பந்துக்கும் சண்டை போடுவாள். முன்பெல்லாம் அதட்டுவேன். இப்போது அதட்டுவதில்லை.

குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ரிச்மண்டில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. அதனால் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்துக்கு ஆஷ் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். மற்றது எல்லோருக்கும் தெரியும்: 1963இல், நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பைக்கான அமெரிக்க அணியில் முதல் கறுப்பினத்தவர், 1968இல் அமெரிக்க ஓப்பன், 1970இல் ஆஸ்திரேலிய ஓப்பன், 1975இல் ஜிம்மி கானர்ஸை வீழ்த்தி விம்பிள்டன். 1968இல் அவர் பரிசுப் பணம் வாங்கக் கூடாத அமெச்சூர் வீரர், ராணுவத்தில் லெப்டினன்ட். அதனால் இறுதிப் போட்டியில் தோற்ற டாம் ஓக்கர் 14,000 டாலர் பரிசு வாங்கிப் போக, ஜெயித்தவருக்குக் கிடைத்தது நாளுக்கு 20 டாலர் படி.

சென்னையிலிருந்து:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் 1974 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் கல்லூரி மாணவன். நம் ஊர் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போயிருந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. ஒரு பந்துகூட ஆடாமல் கோப்பை அவர்களுக்குப் போனது. விடுதியில் அன்று நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோப்பை போனதே என்ற வருத்தம்தான். வேறு எதையும் நினைக்கும் வயதில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் ஆஷ் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடினார். 1969இல் விசா மறுத்த நாடு, 1973இல் கொடுத்தது. பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார். ஒற்றையர் இறுதியில் கானர்ஸிடம் தோற்றார், ஓக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். போகவே கூடாது என்று கறுப்பினத் தலைவர்கள் பலர் அவரைத் திட்டினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பையன் அவர் பின்னாலேயே சுற்றி வந்தானாம். ஏன் என்று கேட்டால், தான் பார்க்கும் முதல் சுதந்திரமான கறுப்பு மனிதர் நீங்கள்தான் என்றானாம்.

போனது சரியா, போகாமல் விட்டது சரியா? பல வருடம் மனசுக்குள் விவாதித்திருக்கிறேன். ஆஷே பிறகு புறக்கணிப்புப் பக்கம் வந்தார்; 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். இந்தியா விலகியது சரி என்பதில் இன்று எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பையனை நினைத்தால், அவர் போனது தப்பு என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

மீண்டும் ரிச்மண்டிலிருந்து:

நன்றி ஐயா. 1974 பற்றி எனக்குத் தெரியாது. மகளிடம் சொன்னேன்.

சிலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கத்தியத் தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற, இந்த ஊரின் மான்யுமென்ட் அவென்யூவில், பெரிய எதிர்ப்பைத் தாண்டி, 1996இல் ஆஷின் சிலையை வைத்தார்கள். சுற்றி நான்கு பிள்ளைகள். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் புத்தகங்கள். புத்தகங்கள்தான் உயரத்தில். 2020, 2021இல் தளபதிகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். இவர் மட்டும் நிற்கிறார்.

இதய அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்ஐவி தொற்றி, 1993 பிப்ரவரி 6இல் இறந்தார். வயது 49. எய்ட்ஸைவிடக் கறுப்பனாக இருப்பதுதான் பெரிய பாரம் என்று கடைசிக் காலத்தில் சொல்லியிருக்கிறார். உடலை ரிச்மண்டுக்குக் கொண்டுவந்து ஆளுநர் மாளிகையில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்த அந்த வரிசையில் பூங்காப் பெரியவரும் நின்றிருக்கிறார். நல்ல குளிராம். "உள்ளே போனதும் தொப்பியைக் கழற்றினேன். ஒன்றும் பேசத் தோன்றவில்லை" என்றார்.

போன மாதம் வுட்லண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு மகளோடு போனேன். அம்மாவின் பக்கத்திலேயே ஆஷைப் புதைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு டென்னிஸ் பந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் நனைந்து நிறம் போயிருந்தது. மகள் தன் பையிலிருந்து புதிய பந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.