இருவாச்சிப் பொந்து: ஆண் வரவில்லை என்றால் கூடு காலி என்று எழுதலாமா?

தேயிலைமேடு கேட்டது:

வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் சோலைத்துண்டுகளில் பெரிய இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி இரண்டின் கூடுகளையும் டிசம்பரிலிருந்து மே வரை பார்க்கப் போகிறோம். எஸ்டேட் அனுமதி கிடைத்துவிட்டது. கையில் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பொந்துகள், ஜிபிஎஸ் புள்ளியும் மரத்தின் பெயரும் மட்டும். ஆட்கள் ஆறு பேர், வார இறுதியில்தான் முடியும்.

அந்தப் பட்டியலில் பல இடங்களில் "அரை மணி பார்த்தோம், ஆண் வரவில்லை, காலி" என்று குறித்திருக்கிறார்கள். (பெண் பொந்துக்குள் அடைந்து இருக்க, ஆண்தான் இரை கொண்டுவரும்.) இதை நம்பலாமா? ஒரு பொந்துக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? உள்ளே இருப்பது முட்டையா குஞ்சா என்று மரம் ஏறாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? சரிவில் பொந்தின் உயரம் அளந்தால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள். கடைசியாக, இந்தப் பன்னிரண்டு மரத்தை வைத்துப் பறவை குறைகிறதா என்று சொல்ல முடியுமா?

மலைமொங்கான் பதில்:

அரை மணிக் கணக்கை நம்பவே வேண்டாம். பெரிய இருவாச்சி ஆண் இரண்டு மூன்று மணி நேரம்கூட வராமல் இருக்கும். காலை 6 மணிக்குள் போய் உட்காருங்கள். இரை கொடுப்பதைப் பார்க்கும்வரை இருங்கள், பார்க்காவிட்டால் 10 மணி வரை. நான்கு மணி நேரமும் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் "காலி" என்று எழுதாதீர்கள். "4 மணி நேரம், வருகை இல்லை" என்று எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை அப்படியே ஆகி, அடைப்பும் இல்லை என்றால்தான் அந்தப் பருவத்துக்குக் காலி.

அடைப்புதான் முக்கியம். பெண் உள்ளே போனதும் தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் அலகால் அப்பி வாயை மூடும். மிஞ்சுவது அலகு நுழையும் அளவுக்கு ஒரு செங்குத்துப் பிளவு. புது அடைப்பு ஈரமாக, கருத்துத் தெரியும். போன வருட அடைப்பின் மிச்சம் விளிம்பில் ஒட்டியிருந்தால் அது வெளிறி, வெடித்து இருக்கும். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும். அதனால் டிசம்பரிலேயே எல்லாப் பொந்தையும் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) பார்க்கும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

உட்காரும் இடம் மரத்திலிருந்து 40 மீட்டராவது தள்ளி, செடி மறைவில். ஆண் தொண்டை புடைத்து வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்துவிட்டுப் பொந்துக்குப் போகாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், உங்களைத்தான் பார்க்கிறது. உடனே பின்வாங்குங்கள். பெண் உள்ளே இறக்கை இறகுகளை உதிர்த்துவிட்டு ஆணை நம்பி இருக்கிறது. நம்மால் ஒரு வேளை இரை தள்ளிப்போவது சின்ன விஷயம் இல்லை.

சருகுமான் பதில்:

முட்டையா குஞ்சா என்பதை இரையிலிருந்து ஊகிக்கலாம். அடைகாக்கும் சுமார் 40 நாளும் பெரும்பாலும் அத்திப்பழம்தான். ஆண் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியில் பிடித்துப் பிளவுக்குள் நீட்டும். ஒரே வருகையில் டஜன் கணக்கில் கொடுக்கும், எண்ணலாம். குஞ்சு பொரித்த பிறகு ஓணான், பாம்பு, நண்டு, சின்னப் பறவைக்குஞ்சு என்று இரை கூடிவரும். அவை தொண்டையில் வராது, அலகு நுனியில் தொங்கிக்கொண்டு வரும். அந்த மாற்றம் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஊகம்தான், சான்று இல்லை. தாளில் தனிப் பத்தியாக வைக்கவும்.

மரத்தடியையும் விடாதீர்கள். பொந்துக்கு நேர் கீழே எச்சக் கோடு, கொட்டைக் குவியல், சிறகு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நைலான் வலையைக் குச்சியில் கட்டி வைத்தால் வாரம் ஒருமுறை எடுத்து எண்ணலாம். கருங்குங்கிலியம், காட்டுச் சாதிக்காய், கொல்லமாவு விதைகள் தெளிவாகத் தெரியும். அத்தி விதை பொடிசு, எச்சத்தோடு கரைந்துவிடும். வலைக் கணக்கை மட்டும் பார்த்தால் அத்தியே தின்னாத மாதிரி இருக்கும். வலை கட்டவும் எடுக்கவும் ஆண் இரை கொடுத்துவிட்டுப் போன உடனே போங்கள், பத்து நிமிடத்துக்குமேல் நிற்க வேண்டாம். மரத்தடியில் அந்த விதைகளின் நாற்றுகள் கூட்டமாக முளைத்திருந்தால் முந்தைய வருடங்களிலும் கூடு இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டு இனத்துக்கும் ஒரே அட்டவணை போடாதீர்கள். பெரிய இருவாச்சியில் அடைப்பிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய நான்கு மாதம். பெண் சில வாரம் முன்பே உடைத்து வெளியே வரும், குஞ்சு திரும்ப அடைத்துக்கொள்ளும், பிறகு இரண்டு பெரியவையும் ஊட்டும். மார்ச் கடைசியில் அடைப்பு உடைந்திருப்பதைப் பார்த்துக் "கூடு போச்சு" என்று எழுதிவிடுவது இதனால்தான். மறுபடி வந்து பாருங்கள். கண் வெளிறிய பறவை ஊட்டுகிறதா? அதுதான் பெண். ஆணுக்குக் கண் சிவப்பு. மலபார் சாம்பலில் ஏறத்தாழ மூன்று மாதம். தாயும் குஞ்சுகளும் ஒன்றாக வெளியேறும். அதில் அடைப்பு உடைந்து, தாயும் குஞ்சும் பக்கத்தில் எங்கும் இல்லை, நாள் கணக்கும் குறைவு என்றால் உடும்போ மரநாயோ வேலையைக் காட்டியிருக்கலாம்.

யானை விஷயம் தெரிந்ததுதான், இருந்தாலும்: கிளம்பும் முன் வழியில் உள்ள எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் அன்றைக்குப் பொந்து வேண்டாம்.

அளவுகோல் பதில்:

உயரக் கணக்கு. சரிவில் நிற்கும்போது கண் உயரம் 1.5 மீட்டரைக் கூட்டுவது தப்பு, அது சமதளத்துக்கு மட்டும். இரண்டு கோணம் எடுங்கள். மரத்திலிருந்து கிடைமட்டமாக 25 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், பொந்துக்கு மேல்நோக்கி 42 டிகிரி (டேன் 0.90) என்றால் 22.5 மீ. மரத்தடிக்குக் கீழ்நோக்கி 8 டிகிரி (டேன் 0.14) என்றால் 3.5 மீ. கூட்டினால் 26 மீ. மரத்தடி உங்கள் கண்ணுக்கு மேலே இருந்தால் இரண்டாவதைக் கழிக்க வேண்டும்.

பெரிய பிழை டேப்பில்தான் வருகிறது. 30 டிகிரிச் சரிவில் தரையோடு 25 மீட்டர் இழுத்தால் கிடைமட்டத் தூரம் 21.7 தான். லேசர் மானி இருந்தால் கிடைமட்ட முறையில் வைக்கவும். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், பலகைவேர் இருந்தால் அதற்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்றும் எழுதுங்கள். அடர்ந்த கவிகைக்குக் கீழே ஜிபிஎஸ் பத்து மீட்டருக்குமேல் தள்ளிக் காட்டும். பழைய பட்டியலோடு மரம் பொருந்தவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஒன்பதாம்தடம் பதில்:

குறைகிறதா என்ற கேள்விக்கு: பன்னிரண்டு பொந்து மட்டும் போதாது. பொந்து பட்டியல் சொல்வது மரத்தின் கதை. புயலில் மூன்று மரம் விழுந்தால் கூடு குறையும், பறவை அப்படியே இருக்கலாம். இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது, கிடைத்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். பறவை எண்ணிக்கைக்குத் தனியாகத் தடம் (நடந்துகொண்டே எண்ணுவதற்கான நிலையான பாதை) போட்டு நடங்கள். அதுவும் கூடு காலத்தில் வேண்டாம்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடுகட்டும் பெண்கள் பொந்துக்குள் இருக்கும், நீங்கள் எண்ணுவது பெரும்பாலும் ஆணைத்தான். அக்டோபர், நவம்பரில் அதே தடம், அதே நேரம், ஆண்டுதோறும். பழுத்த அத்தி மரம் தடத்தில் இருந்தால் கூட்டமாக மாட்டும், அதைக் குறித்து வையுங்கள்.

கூட்டின் வெற்றியையும் நேராக வகுக்காதீர்கள். மார்ச்சில் கண்டுபிடிக்கும் கூடு ஏற்கெனவே இரண்டு மாதம் தப்பித்த கூடு. பிப்ரவரியில் அழிந்தது உங்கள் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு கூட்டையும் எத்தனை நாள் கண்காணிப்பில் வைத்திருந்தீர்கள் என்று கூட்டுங்கள். உதாரணத்துக்கு 12 கூடு, மொத்தம் 900 கூட்டு-நாள் (ஒரு கூட்டை ஒரு நாள் கண்காணித்தால் ஒன்று), 3 தோல்வி. நேராக வகுத்தால் 75 சதவீதம். நாள் கணக்கில் 3/900, அதாவது ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.9967, 120 நாளுக்கு அதை 120 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 67 சதவீதம்தான். இது மேஃபீல்ட் முறை, எக்செல்லிலேயே போடலாம். தோல்வித் தேதி தெரியாதபோது கடைசி இரண்டு வருகைகளின் நடுநாளை வைக்கவும். இதற்காகவே வருகை இடைவெளி பத்து நாளைத் தாண்டக் கூடாது.

தேயிலைமேடு:

நன்றி. ஆறு பேரை மூன்று ஜோடியாக்கினால் சனி, ஞாயிறு சேர்த்து ஆறு பொந்துதான் வருகிறது. பன்னிரண்டும் பார்க்க இரண்டு வாரம் ஆகும். பாதியை விட்டுவிடலாமா? இன்னொன்று, இரண்டு பொந்துகளின் வாய் பட்டை வளர்ந்து சுருங்கியிருக்கிறது. வெட்டிப் பெரிதாக்கலாமா?

மலைமொங்கான்:

விட வேண்டாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் பன்னிரண்டையும் பாருங்கள், அடைபடாதவை தாமாகக் கழிந்துவிடும். அவற்றை மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், அடைபட்டவை மட்டும் வாராவாரம். ஜோடியில் ஒருவர் காடர் (இந்த மலைப் பழங்குடியினர்) ஊரைச் சேர்ந்தவராக, கூலி கொடுத்து அழைத்தவராக இருந்தால் வார நாளும் பார்க்கலாம். மலபார் சாம்பலின் சின்னப் பொந்துகள் உங்கள் பட்டியலில் குறைவாகத்தான் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கண் வேறு.

வாயை நீங்களாக வெட்டாதீர்கள். தாய்லாந்தில் இருவாச்சி ஆய்வாளர் பிலாய் பூன்ஸ்வாட் குழு சுருங்கிய வாயை அகலமாக்கியும், தாழ்ந்துபோன பொந்துத் தரையில் மண் நிரப்பியும் கூடுகளை மீட்டிருக்கிறார்கள். அது மரம் ஏறத் தெரிந்தவர்கள், பறவை இல்லாத பருவத்தில், அனுமதியோடு செய்த வேலை. நீங்கள் வாயின் அகலம் உயரத்தை ஸ்கோப் படத்திலிருந்து கணக்கிட்டு, வனத்துறைக்கு எழுத்தில் கொடுங்கள். கூட்டுப் படம் எதையும் இணையத்தில் போடும் முன் படத்தோடு ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், மே முடியும்வரை போடாமலே இருந்தால் இன்னும் நல்லது.