கைக்கும் மூக்குக்கும் பேசும் பொட்டலங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வண்ணார்பேட்டையிலிருந்து

எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. அடுப்படி இன்றும் அவர் வசம்தான். உப்பு ஜாடி, புளிப்பானை, எண்ணெய்த் தூக்கு எல்லாம் கை போன இடத்தில் இருக்கும். கடையிலிருந்து வரும் பாக்கெட்டுகளிடம்தான் அவர் திணறுகிறார்.

சாம்பார்ப் பொடியும் குழம்பு மிளகாய்ப் பொடியும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வழவழப்பு. வாசனை வெளியே கசியாத உறை. எது எதுவென்று அறிய இரண்டையும் மூலையில் கிழித்து முகர்ந்து பார்ப்பார். அடுத்த மாதத்துக்கென்று வாங்கி வைத்ததும் அன்றே பிரிந்துவிடும். பிறகு வண்டு பிடித்துவிடும். "கண்ணு இருக்கிறவர்களுக்கு மட்டுமா அய்யா சாமான் விற்கிறார்கள்?" என்று ஒரு நாள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதே ஆச்சியிடம் உடன்குடியிலிருந்து வந்த சில்லுக் கருப்பட்டியைக் கொடுத்தேன். ஓலைக் கொட்டான் கையில் பட்டதுமே முகம் மாறிவிட்டது. விரலால் முடைச்சலைத் தடவினார், மூக்கருகே கொண்டுபோனார், "சுக்கு கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறான்" என்றார். இன்னும் பிரிக்கவே இல்லை! பனையோலை சொல்லிவிட்ட செய்தியை, நாலு வண்ணத்தில் அச்சடித்த உறை சொல்லவில்லையே என்று எனக்கு மனம் கனத்துப்போனது.

திருநெல்வேலி டவுனிலிருந்து

நான் இருபது வருடங்களாக அல்வாவும் மிக்சரும் பொட்டலம் கட்டுகிறவன். பாளையங்கோட்டையிலிருந்து பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் மாதம் ஒரு முறை வருவார். வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுக்கும் அல்வாவை அங்கேயே நின்று சாப்பிடுவார். வீட்டுக்கு இரண்டு பெட்டி: ஒன்று கோதுமை அல்வா, ஒன்று கருப்பட்டி அல்வா. "அண்ணாச்சி, பெட்டி இரண்டும் கைக்கு ஒன்றுபோலத்தானே இருக்கிறது" என்றார் ஒரு முறை. அன்றிலிருந்து கருப்பட்டி அல்வாப் பெட்டியின் மூடியில் ஒரு மூலையைக் கத்தரித்துக் கொடுக்கிறேன். ஒரு விநாடி வேலை. அவர் கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் வருத்தம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி செய்ததைத்தான் ஜப்பானிலும் செய்கிறார்கள். அங்கே அட்டைப்பெட்டியில் வரும் சுத்தமான பாலுக்கு மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். மற்ற பானப் பெட்டிகளிலிருந்து தடவியே பிரித்தறியலாம். காவோ நிறுவனம் 1991-இல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியான மேடுகளை வைத்தது. கண்டிஷனர் பாட்டிலில் அவை கிடையாது. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் எல்லோருக்கும் அது உதவுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியில் பெயரைப் பிரெய்லியில் பொறிக்க வேண்டும் என்று 2004-இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் வயதான பிறகு பார்வை இழந்த நம் ஆச்சிகளில் எத்தனை பேருக்குப் பிரெய்லி தெரியும்? கியூஆர் குறியீடு வைத்தால் கைப்பேசி வாசித்துச் சொல்லும் என்கிறார்கள். அந்தக் குறியீடு உறையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டாமா? என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது ஒரு வெட்டு, ஒரு மேடு.

நம் நாட்டிலும் நடக்காத காரியம் இல்லை. அசைவ உணவுக்கான பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றினார்களே, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அந்த முக்கோணத்தைக் கொஞ்சம் புடைப்பாக அச்சிட்டால் கைக்கும் தெரியும்.

மீண்டும் வண்ணார்பேட்டையிலிருந்து

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்றே செய்து பார்த்தேன். பொடிப் பாக்கெட்டின் உச்சியில் சூடு வைத்து ஒட்டிய பட்டை அரை விரல் அகலம் இருக்கிறது. அந்தப் பட்டைக்குள் மட்டும், உள்ளே போகாமல், சாம்பார்ப் பொடிக்கு ஒரு வெட்டு, மிளகாய்ப் பொடிக்கு இரண்டு வெட்டு. காற்றுப் புகவில்லை. ஆச்சியிடம் கொடுத்தேன். கட்டைவிரலை விளிம்போடு ஓட்டினார், இரண்டாவது வெட்டில் நின்றார். "இது மிளகாய்" என்று சொல்லிவிட்டு, மற்றப் பாக்கெட்டுகளையும் எடுத்து வரச் சொன்னார்.