துருப்பிடித்த ரெக்கார்ட் 04 இழைப்புளி: பித்தளைச் சக்கரம் அசையவில்லை, அடிப்பக்கம் குழிந்திருக்கிறது

மாடிப்பட்டறை:
வணக்கம். எடைக்கு வாங்கிய ரெக்கார்ட் கம்பெனி 04 இழைப்புளி ஒன்றை வேலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நீல பெயின்ட் பாதி போய்விட்டது, மீதி எல்லாம் செந்துரு. தட்டினால் கணீரென்று கேட்கிறது, விரிசல் எதுவும் தெரியவில்லை. சந்தேகங்கள் நான்கு.

ஆழம் கூட்டிக் குறைக்கிற பித்தளைச் சக்கரம் இறுகிக் கிடக்கிறது. 2 நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகும் இடப்பக்கம் திருப்பினால் அசையவில்லை. பிளையர் போடலாமா? துருவுக்கு சிட்ரிக் ஆசிட் போதுமா, இல்லை பேட்டரி சார்ஜர் வைத்து எலக்ட்ராலிசிஸ் செய்ய வேண்டுமா? அடிப்பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்தால் வாய்க்கும் (பிளேடு வெளிவரும் பிளவு) பின்முனைக்கும் நடுவில் 0.15 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது. கடைசியாக, பிளேடின் முதுகில், முனையை ஒட்டித் துரு அரித்த குழிகள். வேப்பம்பலகை, பழைய தேக்குக் கதவுச் சட்டம், இவைதான் இழைக்க வேண்டியவை.

சாணைக்கல்:
பிளையரைக் கீழே வையுங்க சார். அந்தச் சக்கரத்துக்கு இடது மரை. கைப்பிடிப் பக்கமிருந்து பார்த்து, கடிகார முள் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழன்று உங்களை நோக்கி வரும். இவ்வளவு நேரமும் அதை முடுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கீங்க.

இடது மரை வைத்ததற்குக் காரணம் உண்டு. வலப்பக்கம் சுற்றும்போது சக்கரம் பின்னால் வரும், அதைக் கவ்வியிருக்கிற ஒய் லீவரின் (Y வடிவ நெம்புகோல்) அடி பின்னால் போகும், தலை முன்னால் சாய்ந்து பிளேடைக் கீழே தள்ளும். அதாவது வலம் சுற்றினால் வெட்டு ஆழம் கூடும். ஸ்டான்லி கம்பெனியின் 4-ம் நம்பர் இழைப்புளியிலும் இதே அமைப்புதான். இழைப்புளி வடிவமைத்த லெனார்ட் பெய்லியிடமிருந்து 1869-ல் ஸ்டான்லி வாங்கிய காப்புரிமைகளின் வழியில் வந்தது. பழசில் ஒய் லீவர் வார்ப்பிரும்பு, பலவந்தம் செய்தால் பட்டென்று போய்விடும்.

ஹேர் டிரையரில் 5 நிமிடம் சூடுகாட்டி, ஆறும்போது மரைக்கு இளகெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கையாலேயே திருப்புங்க. ஸ்க்ரூ எதையும் தொலைக்க வேண்டாம். சக்கர மரை 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஹார்டுவேர் கடை நட்டு, போல்ட் எதுவும் இதற்குச் சேராது.

துருவுக்கு சிட்ரிக் போதும். நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்க. லிட்டருக்கு 50 கிராம். இந்த அளவு உடம்பு முங்க 3 லிட்டர் தண்ணீர், 150 கிராம் எலுமிச்சை உப்பு. மரம், பித்தளை எல்லாம் கழற்றிய பிறகுதான் போடணும். பித்தளை அதில் கிடந்தால் செம்பு நிறம் தட்டிவிடும். மணிக்கு ஒருமுறை எடுத்து நைலான் பிரஷால் தேய்த்துப் பாருங்க, பெரும்பாலும் 3, 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி முழுக்க விட்டுத் தூங்கப் போனால் துரு தீர்ந்தபின் ஆசிட் நல்ல இரும்பைத் தின்னும், மேற்பரப்பு சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகும்.

எடுத்தவுடன் சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, துடைத்து, சூடாக உலர்த்தி, உடனே எண்ணெய் போடணும். இந்த ஈரக்காற்றில் 10 நிமிடம் தாமதித்தாலே மஞ்சள் துரு திரும்பப் படியும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுக்காகும்.

சோடா_வாளி:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். துரு கெட்டியாக அடுக்கடுக்காக இருந்தால் மட்டும் எலக்ட்ராலிசிஸ் யோசிக்கலாம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட், இழைப்புளி நெகட்டிவில், வேண்டாத கட்டுமானக் கம்பி பாசிட்டிவில். மாற்றிக் கொடுத்தால் கம்பி பிழைக்கும், இழைப்புளி கரையும். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி வைக்கிற வழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதிலிருந்து வருகிற குரோமியம் நஞ்சு. சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் கிளம்புவதால் மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். மிச்சமிருக்கும் நீல பெயின்டும் இதில் உரிந்துவிடும், அதை மறக்க வேண்டாம்.

வேங்கைப்பலகை:
அடிப்பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இதில்தான் ஆட்கள் வீணாக இரண்டு நாள் தேய்க்கிறார்கள்.

முன்முனை, வாயின் முன் உதடு, பின்முனை, இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் இழைப்புளி வேலை செய்யும். உங்கள் 0.15 வாய்க்கும் பின்முனைக்கும் நடுவில் என்றால் அப்படியே விடுங்கள். குழி வாயின் முன் உதட்டில் இருந்தால்தான் தொல்லை. நாரை அழுத்திப் பிடிக்க ஆளில்லாமல் வெட்டுக்கு முன்னால் மரம் பிய்ந்து வரும்.

தேய்த்தே ஆகவேண்டும் என்றால், கிரானைட் கடையில் இரண்டடி நீள பாலிஷ் துண்டு கேட்டு வாங்கி, 80 நம்பர் எமரி ரோலை நீளமாக ஒட்டுங்கள். பிளேடை உள்ளே இழுத்துவைத்து, லீவர் கேப்பை (பிளேடை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடி) வழக்கம்போல் இறுக்கியே தேய்க்க வேண்டும். அந்த இறுக்கத்தில் வார்ப்பிரும்பு லேசாக வளையும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் மாட்டியபின் மட்டம் மாறும். மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு, 20 இழுப்புக்கு ஒருமுறை பாருங்கள். காகித ஓரம் தூக்கிக்கொண்டாலோ கைப்பிடியை ஆட்டித் தள்ளினாலோ முனைகள் உருண்டு அடிப்பக்கம் புடைத்துவிடும், அது குழியைவிட மோசம். 80, 120, 220 போதும். கண்ணாடிப் பளபளப்பு படம் எடுக்கத்தான் உதவும்.

பிளேடு முதுகு முழுவதும் மட்டமாக்க வேண்டாம், முனையிலிருந்து 10 மி.மீ. போதும். குழி சரியாக முனையில் விழுந்தால் வெட்டு அங்கே பல்போல் நிற்கும், இழைத்த பலகையில் கோடு விழும். குழியைத் தாண்டும்வரை முனையைச் சாணை பிடித்துக் குறைப்பதே சரி. விரல் பொறுக்காத சூடு வருமுன் தண்ணீரில் முக்குங்கள். நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. தீட்டும்போது பிளேடை ஒரே கோணத்தில் பிடிக்கும், பக்கவாட்டில் கவ்வும் ஹோனிங் கைடு இருந்தால் பிளேடை 50 மி.மீ. வெளியே நீட்டினால் 25 டிகிரி, 38 நீட்டினால் 30. முதலில் 25, கடைசியில் முனைக்கு மட்டும் 30.

மாடிப்பட்டறை:
வலம் திருப்பியதும் சக்கரம் கழன்றது, நன்றி. சிட்ரிக்கும் 3 மணி நேரத்தில் முடிந்தது. குழி வாய்க்குப் பின்னால்தான், தொடவில்லை. இப்போது பிளேடு முடியைச் சிரைக்கிறது, ஆனால் வேப்பம்பலகையில் நாலு தள்ளுக்கு ஒருமுறை சீவல் வாயில் அடைக்கிறது.

வேங்கைப்பலகை:
பிளேடையும் அதன் மேலே வரும் சிப் பிரேக்கரையும் (சீவலை மடக்கி உடைக்கும் தகடு) ஸ்க்ரூ போட்டு இறுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒரு மயிரிழை ஒளி தெரிந்தாலும் சீவல் அதற்குள் நுழைந்து துருத்தியாக மடங்கும். சிப் பிரேக்கரின் அடி விளிம்பைக் கல்லில் தேயுங்கள், அதன் பின்பக்கத்தைக் கல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து. அப்போது விளிம்பு மட்டும் தொடும். மேல் வளைவை 400 தாளால் வழவழப்பாக்குங்கள்.

வேம்புக்குப் பின்னல் ரேகை. அதற்குச் சிப் பிரேக்கரை வெட்டு முனையிலிருந்து 0.5 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். தேக்குச் சட்டத்தை முதல் முறை கரடாகச் சீவ 1 மி.மீ. அடைப்பு இன்னும் தொடர்ந்தால் ஃப்ராக் (பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்பு) அதிகம் முன்னால் வந்திருக்கும். அதன் முகம் வாயின் பின் விளிம்போடு ஒரே சாய்வில் சேரும்வரை பின்னால் தள்ளுங்கள். வாயை அரத்தால் பெரிதாக்க வேண்டாம், திரும்பச் சிறிதாக்க முடியாது.

சாணைக்கல்:
கதவுச் சட்டத்தில் பழைய ஆணி இருக்கானு முதல்ல காந்தம் வச்சுப் பாருங்க. இழைக்கும்போது அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஒரு கோடு இழுத்தா தள்ளுறது பாதி லேசாகும்.